அசல் ஆரஞ்சு

"இது என்ன?"

"ஆரஞ்சு கேக் சார்."

"சரி, ஆரஞ்சு எங்கே?"

அந்த ஓட்டல் சமையலறையில் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடம் ஒன்று, வந்தவர்கள் நாலு பேர். தலைமைச் சமையல்காரரின் வெள்ளைக் கோட்டில், இடுப்பில் கை வைத்தபடி நின்றவர்தான் தேர்வாளர்.

நாலாவதாக நின்றவள், பள்ளிக்கூட கேன்டீனை மூடியதிலிருந்து ஆறு மாதமாக வேலைக்கு அலைகிறவள். இதுவும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"கூடையில இருந்த ஆரஞ்சை முன்னாடி மூணு பேரும் எடுத்துட்டாங்க சார். சாத்துக்குடிதான் மிச்சம். அதுல புளிப்பு கம்மி, அதனால அரை மூடி எலுமிச்சையும் பிழிஞ்சேன். தோலை மேலாகத் துருவிப் போட்டேன். வெள்ளை பட்டா கசக்கும்."

"கேட்டீங்களா கதையை? நாளைக்கு உப்பு தீர்ந்துட்டா சுண்ணாம்பு போடுவாங்க!"

மற்ற மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலை வேண்டுமே!

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க சார்."

தேர்வாளர் ஒரு துண்டு எடுத்தார். மென்றார். இன்னொரு துண்டு எடுத்தார். மூன்றாவது துண்டும் உள்ளே போன பிறகுதான் அவருக்கு நியாய தர்மம் ஞாபகம் வந்தது.

"ருசி இருக்கலாம்மா. நேர்மை வேணாமா? ஆரஞ்சுன்னு சொன்னா ஆரஞ்சுதான் இருக்கணும். அந்த இடத்துல வேற ஒண்ணை வெச்சு ஒப்பேத்தறது, நம்பி வர்றவங்க தலையில மிளகாய் அரைக்கிற வேலை. நீ கிளம்பலாம்."

அவளைக் கை மெதுவாகத்தான் ஓடுகிறது என்று திட்டியவர்கள் உண்டு. நேர்மை இல்லாதவள் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பின்னால் தேர்வாளரின் குரல் கேட்டது. அடி கருகிக் கரியாகிப் போயிருந்த முதல் ஆளின் கேக்கை அவர் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இதைப் பாருங்க. கருகினாலும் அசல்!"

அவள் கதவருகே போகவும், ஓட்டல் முதலாளி மூச்சிரைக்க உள்ளே ஓடி வரவும் சரியாக இருந்தது. அவள் ஒதுங்கி வழி விட்டாள். அவர் யாரையும் பார்க்காமல் நேரே போய்த் தேர்வாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இந்த உதவியை மறக்கவே மாட்டேன்! உங்க அண்ணன் காய்ச்சல்ல படுத்துட்டார்னு சொன்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நல்லவேளை, நீங்க வந்து நின்னீங்க. அட, அவர் கோட்டுகூட உங்களுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கே! அது சரி, உங்க டயர் கடையை இன்னிக்கு யாரு பார்த்துக்கறாங்க?"