முப்பத்தெட்டு நோட்டீஸ்

“இதெல்லாம் மாட்டக் கூடாது. எடுத்துத் தனியா வை.”

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார் அமிர்தம். மேஜைமேல் முப்பத்தெட்டு நாடக நோட்டீஸ்கள்.

தமிழ்ச்செல்விக்குப் பகீரென்றது. சிதம்பரத்தில் அவள் நூலகர். நாடக நடிகை திருப்பாப்புலியூர் அமிர்தத்தின் பெயர் போட்ட பழைய நோட்டீஸ்களை ஒன்பது வருஷமாக அலைந்து சேர்த்தவள். அச்சகத்துப் பரண், பழைய பேப்பர் கடை, சலூன் கடை அலமாரி என்று ஓர் இடம் பாக்கியில்லை. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஊர்வாரியாகப் பிரித்து, நம்பர் போட்டு, உறைக்குள் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் அமிர்தத்துக்குப் பாராட்டு விழா. ‘முந்நூறு மேடை கண்ட நாடக அரசி’ என்று வாசலில் பேனர் கட்டியாகிவிட்டது. முப்பத்தெட்டை எடுத்தால் மிச்சம் இருநூற்று எழுபத்து நாலு!

“ஏம்மா? உங்க பேரைத்தான் கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க. படமும் நல்லாத்தானே இருக்கு?”

“படத்துக்கென்ன, ராசாத்தி மாதிரிதான் இருக்கேன். ஆனா மாட்டக் கூடாது.”

“பெரிய ஆபீசருங்கல்லாம் வர்றாங்கம்மா. முந்நூறுன்னு பேனர் கட்டிட்டோம்.”

“அவுத்துடு.”

அத்தோடு விட்டாரா? இல்லையே!

“மேடையில எனக்கு ரெண்டு சேர் போடு. பிளாஸ்டிக் வேணாம், கை வெச்ச மரச் சேர். பொன்னாடையும் ரெண்டு.”

“ரெண்டாம்மா?”

“காது கேக்குதில்ல? காலையில ஏழு மணிக்குக் கடலூருக்குக் கார் அனுப்பிடு. வர்ற வழியில திருவதிகைக்குப் போயிட்டு வரணும்.”

“திருவதிகை வழியில இல்லியேம்மா. அது அந்தாண்ட இருக்கு.”

“கார்தானே போவப் போவுது. நீயா நடக்கப் போற?”

அமிர்தம் கிளம்பிப் போனதும் நூலக உதவியாளர் ராபர்ட் வாயைத் திறந்தார். “ரெண்டு சேராமா? ஒண்ணு உக்கார, ஒண்ணு கால் நீட்டவா மேடம்?”

“தலைக்கனம் ராபர்ட். எழுபத்திரண்டு வயசுலயும் இறங்க மாட்டேங்குது.”

தமிழ்ச்செல்வியும் லேசுப்பட்டவள் இல்லை. ஒன்பது வருஷம் நாயாய் அலைந்தது இந்தம்மா ஒரு வார்த்தையில் தள்ளிவிடவா? சனிக்கிழமை சாயங்காலம் முந்நூற்றுப் பன்னிரண்டையும் வரிசையாகப் பலகையில் குத்தினாள். கூட்டத்துக்கு நடுவில் வந்து என்ன கேட்டுவிடப் போகிறார், பார்க்கலாம்!

ஞாயிறு பதினோரு மணிக்குத் திருவதிகையைச் சுற்றிக்கொண்டு கார் வந்தது. பட்டுப்புடவையில் அமிர்தம் இறங்கினார். பின்னாலேயே நூல் புடவையில் மெலிந்த ஓர் அம்மா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“துணைக்கு ஆள் வேற” என்று ராபர்ட் முணுமுணுத்தார்.

அமிர்தம் நேராகப் பலகைக்குப் போனார். வரிசையை ஒரு பார்வை பார்த்தார்.

தமிழ்ச்செல்வி பலகைக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஓர் அடி நகரவில்லை.

அமிர்தம் கத்தவில்லை. பலகையின் இந்தக் கோடியிலிருந்து ஒன்று, அந்தக் கோடியிலிருந்து ஒன்று என இரண்டே நோட்டீஸைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

“ஊரையும் தேதியையும் படி. சத்தமா படி.”

“மங்கலம்பேட்டை. பங்குனி பதினாலு. ஸ்திரீபார்ட், திருப்பாப்புலியூர் அமிர்தம்.”

“இது?”

“திருவதிகை. பங்குனி...”

தமிழ்ச்செல்வி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அதே பங்குனி பதினாலு. அதே வருஷம். அதே அமிர்தம். ஊர்வாரியாக அடுக்கினாளே தவிர, ஒன்பது வருஷத்தில் ஒருநாளாவது இரண்டு தேதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாளா?

அமிர்தம் மைக்கை வாங்கிக்கொண்டார்.

“ஒரே ராத்திரி ரெண்டு ஊருல ஒருத்தி எப்படி ஆடுவா? பேராசைங்க. கேக்குற ஊருக்கெல்லாம் சரின்னுடுவேன். கார் அனுப்புற ஊருக்கு நான் போவேன். பஸ்ஸுல போற ஊருக்கு இவளை அனுப்பிடுவேன். பவுடரைப் பூசி நகையை மாட்டிட்டா யாருக்குத் தெரியப் போவுது?”

நூல் புடவை அம்மா நெளிந்தார். “வுடுக்கா, இப்ப எதுக்கு அதெல்லாம்?”

“நீ சும்மா இரு. இவ பேரு பெலிசியா. முப்பத்தெட்டு நாடகம் எனக்காக ஆடியிருக்கா. அந்த ஊருங்கள்ல சனம் கைதட்டுனது இவளுக்கு. ஆனா ஒரு நோட்டீஸ்லயும் இவ பேரு கிடையாது.”

பெலிசியாவைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிப் போய், மரச் சேரில் முதலில் உட்காரவைத்தார். ஒரு பொன்னாடையைத் தன் கையாலேயே போர்த்திவிட்டார். பெலிசியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதன் பிறகுதான் அமிர்தம் பக்கத்துச் சேரில் உட்கார்ந்தார்.

யாரும் சொல்லாமலேயே ராபர்ட் பேனரை அவிழ்க்க வாசலுக்கு ஓடினார்.

தமிழ்ச்செல்விக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?”

“ஊரறியச் செஞ்ச தப்பு. உன் ரூமுக்குள்ள சொன்னா தீந்துடுமா?”

தமிழ்ச்செல்வி குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். முப்பத்தெட்டையும் எடுத்துவந்து பெலிசியாவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரில் மாட்டினாள். மாட்டி முடித்ததும், ஒன்பது வருஷத்துப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“ஆனா ரிஜிஸ்டர்ல யார் பேருல எழுதறதும்மா? நோட்டீஸ்ல உங்க பேருதானே இருக்கு?”

“பேரு என்னுதும்மா. விடிய விடிய ஆடுன காலு அவளுது!”