பாஸ்வேர்டு கேட்காத பக்கம்

"லீவா? மூச்!"

"அம்மாவுக்கு ஆபரேஷன் சார்."

"ஊர்ல எல்லாருக்கும்தான் அம்மா இருக்காங்க. எழுந்திரு, என் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது."

பில் போடும் பெண்ணை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்தார் மேனேஜர். கம்பெனி வெப்சைட்டில் ஏதோ தட்டினார். அப்படியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. இந்த ஆளை உண்டு இல்லை என்று பண்ணாமல் விடுவதில்லை. தலைமை அலுவலகத்துக்குப் புகார் அனுப்பும் பக்கத்தைத் திறந்தாள். எப்போதும் ஆயிரம் கேள்வி கேட்கும் வெப்சைட் இன்று பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை. அதையெல்லாம் யோசிக்க அவளுக்குப் பொறுமை ஏது?

'இந்தக் கிளையில் நிர்வாகமே சரியில்லை. ஊழியர்களை மனிதர்களாக மதிப்பதில்லை. பெற்ற தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் லீவு கிடையாது.' பல்லைக் கடித்துக்கொண்டு தட்டி அனுப்பினாள்.

அடுத்த வாரம் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். வேலை போனால் போகட்டும் என்று விறைப்பாக நின்றாள் அவள்.

"எனக்குப் பிரமோஷன்! என் கிளையோட குறைய நானே ஒளிக்காம எழுதினேனாம். என் லாகின்லேர்ந்துதான் போயிருக்கு. எப்ப எழுதினேன்னு எனக்கே ஞாபகமில்ல, போங்க!"

டீ குடிக்கப் போன மனுஷன் லாக்-அவுட் செய்யவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"இனிமே எல்லாக் கிளைப் புகாரும் எங்கிட்டதான் வரும். உனக்கு ஏதாவது குறை இருந்தா தயங்காம எழுதும்மா."