சிடுமூஞ்சி அழுத்திய சுவிட்ச்

"நில்லும்மா! உள்ள வராதே!"

மேனேஜர் போட்ட சத்தத்தில் ஹாலே திரும்பிப் பார்த்தது. பேக்கிங் பகுதியிலிருந்து அரக்கப்பரக்க ஓடிவந்த இன்ஜினியர் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சார், இது என்னோட சோதனை சார்!"

"இருக்கட்டும். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு, கண்ணாடி வழியாப் பாரு."

பக்கத்தில் முதலாளி வேறு நிற்கிறார். அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

சூடான மருந்துக் கரைசலை ஆறவிட்டால், அது தன் இஷ்டத்துக்குத்தான் படிகமாகும். பாதி நாள் ஊசி ஊசியாக வந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். காதுக்கு எட்டாத ஒலியை ஒரு மெஷின் வழியாக உள்ளே செலுத்தினால், நாம் சொல்கிற நேரத்தில் ஒரே அளவாக வரும் என்று அடித்துச் சொன்னவள் அவள். இன்று வராவிட்டால் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் பட்ட பாடெல்லாம் வீண்.

"சத்தம் போட்டா படிகம் வருமா? அப்ப நான் போடுற சத்தத்துக்கு எப்பவோ வந்திருக்கணுமே!" என்று மீட்டிங்கில் கேலி செய்தவர்தான் இந்த மேனேஜர்.

"சுவிட்ச் பக்கத்துல அவரே நிக்கிறாருக்கா," என்றாள், வெளியே நின்ற ஆபரேட்டரிடம்.

"அந்தச் சிடுமூஞ்சியா? போச்சு போ!"

உள்ளே, மூடியில்லாத கண்ணாடித் தொட்டியில் கரைசல் தெளிவாகச் சுழன்றுகொண்டிருந்தது. மேனேஜர் வெப்பமானியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் தலையசைத்தாள். அவர் சுவிட்சை அழுத்தினார்.

முதலில் லேசான ஒரு கலங்கல். அடுத்த மூச்சு விடுவதற்குள் தொட்டி முழுக்கச் சர்க்கரை மாதிரி மணி மணியாக மின்னியது. எல்லாம் ஒரே அளவு. என்ன அழகு அது! முதலாளி தன்னை மறந்து கைதட்டினார்.

வெளியே வந்த மேனேஜரை அவள் விடவில்லை.

"ஜெயிச்சாச்சு, சந்தோஷம். ஆனா எல்லார் முன்னாடியும் என்னை எதுக்கு சார் விரட்டுனீங்க?"

அவர் அவளுடைய கோட்டின் கையைக் காட்டினார். பேக்கிங்கில் ஒட்டிய அதே மருந்தின் தூள் வெள்ளையாக அப்பியிருந்தது.

"இதுல ஒரு துளி உள்ள விழுந்தாலே போதும், அதைப் பிடிச்சுக்கிட்டு கரைசல் தானாவே படிகமாயிடும். அப்புறம் 'இது மெஷினால வந்ததே இல்ல'ன்னு முதல் ஆளா நானே கத்தியிருப்பேன்ம்மா!"