ஸ்பீக்கரில் வந்த சேதி

லோயர் கேம்ப்பைத் தாண்டி ஜீப் மலையேறத் தொடங்கியபோது, நாகஜோதியின் மடியில் கிடந்த போன் அடித்தது.

ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் பதினாறு பேர். எட்டுப் பேர் உட்காரும் ஜீப். ஏறிவிட்டால் இறங்கும்வரை கையைத் தூக்கிக் காதருகே கொண்டுபோக வழியில்லை. அதனால் அந்த ஜீப்பில் ஒரு வழக்கம். யாருக்குப் போன் வந்தாலும், யார் கை எட்டுகிறதோ அவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். மாமியார் வசவும் மாப்பிள்ளை கொஞ்சலும் குமுளிவரை பொதுச்சொத்து.

இதற்குப் பயந்தே நாகஜோதி ஏறியதும் போனை அணைத்துவிடுவாள்.

இன்று மனம் வரவில்லை. மகள் ஜான்சி நேற்று மாலை வலி கண்டு பெரியகுளம் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள். தலைப்பிரசவம்.

ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய சேதிதான். ஆனால் வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் கட்டிக்கொண்டு போன ஜான்சியைத் தலைமுழுகி இரண்டு வருடமாகிறது. முழுக வைத்தவள் நாத்தனார் பொன்னாத்தாள். அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாத புருஷன் ராக்கையா, மகள் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். நாகஜோதிதான் மனசு கேளாமல் மகளோடு திருட்டுத்தனமாகப் பேசிவந்தாள்.

அந்தப் பொன்னாத்தாள் இப்போது எதிர் சீட்டில், முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறாள்.

நாகஜோதி கையை உருவப் பார்த்தாள். வலது கை பக்கத்து சீட்டு மாரீஸ்வரியின் இடுப்புக்கும் தூக்குவாளிக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. இடது கை கம்பியில். "வேணாம்" என்று வாய் திறப்பதற்குள், உதவி செய்யும் நினைப்பில் மாரீஸ்வரி பட்டனை அமுக்கிவிட்டாள்.

"யம்மா! பொம்பளப்பிள்ளம்மா! சுகப்பிரசவம்!"

கூடவே ஒரு பச்சைக்குழந்தை வீரிட்டது. ஜீப்பே குலுங்கியது. மாரீஸ்வரி குலவை போட ஆரம்பித்து, பக்கத்துப் பெண் இடித்த இடியில் பாதியை விழுங்கினாள்.

எல்லார் கண்ணும் பொன்னாத்தாள் மேல்.

மோசம் போனேனே என்று நாகஜோதிக்குப் பதறியது. பேத்தி, பேத்தி என்று நெஞ்சு துள்ளியது. எதை அடக்குவது என்று தெரியவில்லை.

அப்போது ஜான்சிக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் கிசுகிசுத்தது. கிசுகிசுப்பும் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது.

"மெல்லப் பேசு ஆத்தா. எங்கக்கா அந்த ஜீப்புலதான் இருக்காக."

ராக்கையா! திராட்சைக்கு மருந்தடிக்க வேண்டும் என்று நேற்றே ஓடைப்பட்டிக்குப் போன ராக்கையா.

குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்த போனையே பொன்னாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிரைவர் சீட்டின் முதுகை ஓங்கித் தட்டினாள்.

"ஏப்பா, வண்டிய இங்கனயே நிறுத்து. அடுத்த வளைவுல டவர் போயிரும்."