தூசி பறக்காத கல்நார்

ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நாரை வெட்டியெடுக்கும் சுரங்க ஊரான தெட்ஃபர்டில், டாக்டர் கூப்பிட்டதும் லுசியென் தன் மனைவி ஆர்லெட்டை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தனியாக உள்ளே போனார். விளக்கின் முன்னால் ஒரு எக்ஸ்ரே படம் தொங்கியது. நுரையீரல் முழுக்கக் கீறல்கள்.

"ஆலையில என்ன வேலை பண்றீங்க?"

"கல்நாரை மருந்துத் தண்ணியில ஊறவெச்சு இழை இழையாப் பிரிப்போம். அப்புறம் அதுமேல பிளாஸ்டிக் பூச்சு. பலகைக்குள்ள வெச்சா இரும்பு மாதிரி நிக்கும். ஒரு பொட்டு தூசி பறக்காது, டாக்டர்!"

"எத்தனை வருஷமா?"

"ரெண்டு வருஷமாத்தான். அதுக்கு முன்னால இருபது வருஷம் காய்ஞ்ச கல்லை அரைச்சோம். பனியில புரண்ட கரடி மாதிரி வீட்டுக்குப் போவேன்."

"உடுப்பை யார் துவைப்பாங்க?"

"ஆர்லெட்தான். தினமும் உதறி உதறித் துவைப்பா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். லுசியென் தொங்கிய படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு இன்னும் எத்தனை நாள், டாக்டர்? அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா."

"உங்க நுரையீரல் நல்லா இருக்கு, லுசியென். இது ஆர்லெட்டோட படம். அவங்களுக்குப் போன வாரமே தெரியும். 'என்னால முடியாது, அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க'ன்னாங்க."

எப்படி வெளியே வந்தார் என்று லுசியெனுக்கே தெரியாது. ஆர்லெட் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"சொல்லிட்டாரா?"

அவர் தலையை ஆட்டினார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல. 'உதறாத, அப்படியே தண்ணியில முக்கு'ன்னு எத்தனை தடவை சொன்னீங்க! நான்தான் கேக்கல" என்றாள் ஆர்லெட்.

லுசியென் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.