மேடா, பள்ளமா?

காசின் ஓரத்தில் ஒரு கட்டி இருந்தது.

பெரிய கட்டி எல்லாம் இல்லை, கடுகளவு. ஆனாலும் நான் எழுந்து அறையை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்போதும் இருந்தது.

மூன்று வருடமாக இதற்குத்தான் அலைகிறேன். கடை கடையாக ஏறி நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்குவது, ஒவ்வொன்றாக லென்ஸில் பார்ப்பது, படம் எடுப்பது, ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுப்பது. முப்பதாயிரம் காசு பார்த்தாயிற்று. அத்தனையும் ஒழுங்கு. அவ்வளவு ஒழுங்கைப் பார்த்தால் யாருக்கும் வெறுத்துப்போகும்.

அந்த ஒழுங்குக்குக் காரணமான ஆள் அடுப்படியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். என் அம்மா. காசு அடிக்கிற ஆலையில் வேலை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பெல்ட்டில் ஓடிவரும் காசுகளில் கோணல்மாணலாக வந்ததைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

ஆக, எங்கள் வீட்டில் இரண்டு பேர் காசு பார்க்கிறோம். ஒன்று கூட வெளியே போய்விடக் கூடாதே என்று ஒருத்தி. ஒன்றாவது போயிருக்காதா என்று ஒருவன்.

நாளைக் காலை அம்மாவுக்கு ஆலையில் கேடயம் தருகிறார்கள். ‘இருபத்தைந்து ஆண்டுகள், ஒன்றும் கை தவறவில்லை’ என்று அதில் பொறித்திருக்கிறார்களாம். நாலு நாளாக அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள். நேற்று பல் தேய்க்கும்போது கூடச் சொன்னாள்.

லென்ஸை மறுபடி கண்ணில் வைத்தேன். என் இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. பிறவியிலேயே இருப்பது. “வரும்போதே அப்படித்தான் வந்தே” என்பாள் அம்மா. லென்ஸின் விளிம்பு அதில் கச்சிதமாக உட்காரும். இதற்கென்றே பிறந்தவன் நான் என்று நண்பர்களிடம் அதைக் காட்டியிருக்கிறேன்.

படம் எடுத்து, பிழைக் காசு தேடுகிற எங்கள் குழுவில் போட்டேன். போட்ட பிறகுதான் வருடத்தைப் பார்த்தேன். என் கை அப்படி, எப்போதும் முந்திக்கொள்ளும்.

எனக்கு ஒரு வயது ஆன வருடம். அதற்குக் கீழே மூன்று புள்ளி. மூன்று புள்ளி என்றால் மூன்றாவது வரிசை.

எங்கள் குழுவின் பெரிய தலை லென்ஸ் மாமா. அவர் ஒப்புக்கொண்டால் காசு பிழைக் காசுப் பட்டியலில் ஏறும். வருடம், வரிசை எல்லாம் போட்டு இன்று ராத்திரியே ஏறும். ஆலை அதிகாரிகள் காலை டீயோடு அந்தப் பட்டியலைத்தான் படிக்கிறார்கள் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

மாமாவின் பதில் வந்தது. “மேலேர்ந்து எடுத்தா என்னத்தத் தெரியும்? மேடா, பள்ளமா?”

எங்கள் ஆட்களுக்கு அதுதான் முதல் பாடம். அச்சு உடைந்திருந்தால் அந்தப் பொக்கையில் உலோகம் பிதுங்கி மேடாக நிற்கும். அது பிறவிப் பிழை. அதற்கு மரியாதையே வேறு. பள்ளம் என்றால் ஆலையை விட்டு வந்த பிறகு எங்கோ அடிபட்டது. அதைக் கொடுத்து டீ குடிக்கலாம்.

மேசை விளக்கை இடப்பக்கம் சாய்த்தேன். மேடு என்றால் விளக்குப் பக்கம் பளபளக்கும், மறுபக்கம் நிழல் விழும். பள்ளம் என்றால் நேர்மாறு.

விளக்குப் பக்கம் பளபளத்தது.

“அம்மா!”

கூப்பிட்டிருக்கக் கூடாது. என் வாயும் என் கை மாதிரிதான்.

அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். லென்ஸை நீட்டினேன், வாங்கவில்லை. காசைத் திருப்பினாள். வருடத்தைப் பார்த்தாள். புள்ளிகளை நகத்தால் எண்ணினாள், மூன்றே மூன்று புள்ளியை.

“அடிபட்டது. எவனோ சுத்தியலால தட்டியிருக்கான்.”

“மேடா இருக்கேம்மா.”

“அடிபட்டதுங்கறேன்ல?”

நாள் முழுக்கக் காசு பார்க்கிறவள். மேடும் பள்ளமும் அவளுக்குத் தூக்கத்தில் கூடத் தெரியும்.

காசை மேசையில் வைத்தாள். பிறகு காசிடம் முறையிடுவது போலச் சொன்னாள். “அந்த வருசம் இவன் என்னை ஒரு ராத்திரி ஒழுங்கா தூங்க விட்டிருந்தாத்தானே.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். முகத்தைக் கூட இல்லை, புருவத்தை. விளக்கு வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது.

சட்டென்று விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவும் சத்தம் கேட்டது.

நான் விளக்கைத் திரும்ப இழுத்தேன். கேமராவை என் பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன்.

விளக்குப் பக்கம் நிழல். மறுபக்கம் பளபளப்பு.

பள்ளம் என்பதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. முதல் பாடத்தைத்தான் இத்தனை நாள் அதற்குப் போட்டுப் பார்க்கவில்லை. பள்ளம் என்றால் வந்த பிறகு அடிபட்டது.

கேடயத்தில் பொறித்திருப்பது காசைப் பற்றித்தான். பிள்ளையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

“என்னடா சொன்னாரு உங்க மாமா?” அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

மாமா மூன்றாவது தடவையாகக் கேட்டிருந்தார். மேடா, பள்ளமா?

‘பள்ளம் மாமா. அடிபட்டதுதான்’ என்று அனுப்பினேன்.

எந்தப் படத்தில் என்று அவர் கேட்கவில்லை.