மூன்றாவது ஆல்பம்

“ஷெரின் பாடினதுலயே ரெண்டாவது ஆல்பந்தானுங்க உசத்தி,” என்றான் ஜெப்ரி.

அமலிக்குச் சுர்ரென்று வந்தது. “அதுல ஜாஸ் எங்கீங்க இருக்குது? முதல் ஆல்பத்துல அந்த சாக்ஸபோனக் கேட்டிருக்கீங்களா? உருகிப் போயிருவீங்க.”

“அதக் கேட்டா எனக்குத் தூக்கந்தானுங்க வருது. அவங்க இனி சினிமாவுல பாடோணும்.”

“போனா அத்தோட முடிஞ்சுதுங்க! கோரஸ்ல நிக்க வெச்சுருவாங்க.”

“பொள்ளாச்சி வரைக்கும் பேராவது தெரியுமுங்க.”

“பேருக்காகவா பாடறாங்க?” அமலி போட்ட சத்தத்தில் மொட்டை மாடியே அதிர்ந்தது.

“அமலி, கீழ வா கண்ணு!” என்று அம்மா கூப்பிட்டாள். இறங்கி வந்தவளைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

“பத்து நிமிஷம் தனியாப் பேசிட்டு வாங்கன்னு அனுப்புனா, முக்கால் மணி நேரமா சண்டை போடறயே! ஹால்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூஞ்சியே சுண்டிப்போச்சு. என்ன வேலை, எந்த ஊர்ல குடித்தனம்னாவது கேட்டியா?”

“மறந்துபோட்டனுங்ம்மா.”

“அப்ப வேண்டாம்னு சொல்லிரட்டுமா?”

“ஐயோ, சரின்னு சொல்லிருங்ம்மா! மூணாவது ஆல்பத்தப் பத்தி இன்னும் பேசவே இல்லீங்க.”